‘கர்ப்பத்தில் என்ன செய்தாய்?’ என்று அவளைக் கேட்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதற்குள் கட்டம் கட்டி, ‘காரணங்கள்’ என்று தலைப்புப் போட்டு, கர்ப்ப காலத்தில் தாய் சரியாகச் சாப்பிடாதது, மனக்கவலை, செல்போன், ஓட்டல் சாப்பாடு என்று வரிசையாகக் கொடுத்திருந்தீர்கள். நான் 31 வருடம் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகத்தான் இருக்கும். முழுதாகப் போட இடமில்லை என்றால், கடைசியில் எழுதியிருக்கும் அறிகுறிகளை மட்டுமாவது போடுங்கள்.

என்னை எழுத வைத்தது என் மகள். அந்தப் பக்கத்தை அவள் நின்றபடியே படித்ததைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். படித்து முடித்ததும் நான்காக மடித்தாள். உள்ளே போய் அரிசி டின்னைச் சாய்த்து அதற்கு அடியில் வைத்துவிட்டாள். பேப்பரை ஒளித்து வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

என் பேத்திக்கு அப்போது 2 வயது 4 மாதம். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவள் ஒரு வாரத்தில் நடையைக் குறைத்தாள். ‘தாத்தா தூக்கு, தாத்தா தூக்கு’ என்பாள். தூக்கினால் காலைத் தொடாதே என்று அழுவாள். சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடும். பக்கத்து ஊரில் காட்டினோம். வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று கால்சியம் டானிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் அதில் போயிற்று. அப்புறம் இரண்டு கண்களைச் சுற்றியும் கன்றிப்போன மாதிரி கறுப்பு வந்தது. விழுந்தாளா என்றார்கள், யாராவது அடித்தீர்களா என்றும் ஒருவர் கேட்டார். என் மனைவி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவள் கைதான் முதலில் கண்டுபிடித்தது. “இடது விலாவுக்குக் கீழே கல்லு மாதிரி ஏதோ தட்டுதுங்க, வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். அன்று இரவே சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

இடது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி. அங்கிருந்து எலும்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போயிருந்தது. காலைத் தொட்டால் அழுததும் கண்ணைச் சுற்றிக் கறுத்ததும் அதனால்தான். கண்குழி எலும்பில் கட்டி பரவி உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே அப்படிக் கன்றித் தெரியும். நோயின் பெயரை டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: நியூரோபிளாஸ்டோமா. என் மாப்பிள்ளையும் மகளும் அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள். எனக்கு அதில் பாதிச் சொல் பழக்கமானது. நரம்புச் செல்லாக ஆக வேண்டிய இளம் செல்லுக்கு நியூரோபிளாஸ்ட் என்று பெயர். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்த சொல் அது! ஒரு மணி நேரத்துக்கு என்னால் வாய் திறந்து பேச முடியவில்லை.

ஊருக்குத் தெரிந்ததும் விசாரிக்க வந்தார்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் கொண்டு வந்தவர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா? பப்பாளி சாப்பிட்டாயா? ஸ்கேன் அதிகமாக எடுத்தார்களா? மாசமாக இருக்கும்போது யாரையாவது நினைத்து அழுதாயா? படித்தவர்கள் செல்போனைக் கேட்டார்கள். ஒருவர் ‘ஃபோலிக் மாத்திரை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள்’ என்று என்னிடமே சொன்னார். எல்லாரும் பாசத்தில்தான் கேட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாக் கேள்வியும் என் மகள் ஒருத்தியைப் பார்த்தே கேட்கப்பட்டது. மாப்பிள்ளையிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஒன்பது மாதத்தை அவள் நாள் நாளாகத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அப்பா, நாலாம் மாசம் ஒரு கல்யாணத்துல கலர் குடிச்சேன்’ என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கோழி முட்டைதான் உதவியது.

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்து காட்டுவேன். சேவலோடு மேயும் நாட்டுக்கோழி இட்ட முட்டைகளை ஆறேழு வாங்கி, அட்டைப் பெட்டியில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து 38 டிகிரியில் அடைகாக்க வைப்பேன். 33 மணி நேரம் கழித்து, உப்புக் கரைசல் கிண்ணத்துக்குள் முட்டையை உடைத்து, மஞ்சள் கருவின் மேலிருக்கும் வட்டத்தைக் கத்தரியால் வெட்டிக் கண்ணாடியில் ஏந்தி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். ஒரு நெல்லளவுதான் இருக்கும். ஆனால் அதற்குள் மூளைக்கான வீக்கங்கள் வந்திருக்கும். முதுகுப் பக்கம் தட்டையாக இருந்த படலம் இரண்டு ஓரமும் எழும்பி, நடுவில் வந்து சேர்ந்து, பெரும்பகுதி குழலாக மூடியிருக்கும். அதுதான் நரம்புக்குழல். மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வருகின்றன. பெஞ்சு தட்டிக்கொண்டிருக்கும் வகுப்பு அந்த நேரத்தில் தானாக அடங்கிவிடும். 48 மணி நேர முட்டையில் இதயம் துடிப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்தக் குழல் மூடும் விளிம்பில் இருக்கும் செல்கள்தான் இந்தக் கடிதத்தின் விஷயமே. நரம்பு முகடு என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் போகும். 1868-ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக் கருவில்தான் அவற்றை முதலில் பார்த்தார். குழல் மூடும் சமயத்தில் இந்தச் செல்கள் விளிம்பிலிருந்து கழன்று பயணம் கிளம்பிவிடும். சில தோலுக்குப் போய் நிறம் தரும் செல்களாகும். சில முகத்து எலும்பாகும். சில முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பரிவு நரம்பு (நாம் நினைக்காமலே இதயத் துடிப்பு போன்றவற்றைக் கூட்டும் நரம்பு) முடிச்சுகளாக வரிசை கட்டும். இன்னும் சில சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் மையத்துக்குப் போய்ச் சேரும். பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அந்த அட்ரினலினைச் சுரப்பது அவைதான்.

இவ்வளவு தூரப் பயணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிரான்சில் நிக்கோல் லெ துவாரன் என்ற அம்மையார் 1969-ல் ஒரு வழி கண்டார். ஜப்பானியக் காடை நமக்குத் தெரிந்த பறவைதானே, ரோட்டோரக் கடையில் வறுத்துக் கொடுப்பார்களே, அதே காடை. அதன் செல்களின் உட்கருவில் சாயம் போட்டால் அடர்த்தியாக ஒரு திட்டு தெரியும். கோழிச் செல்லில் அது தெரியாது. காடைக் கருவின் நரம்புக்குழலில் ஒரு துண்டை வெட்டி, அதே இடத்தில் கோழிக் கருவில் வைத்து வளரவிட்டார். பிறகு கோழிக்குஞ்சின் உடம்பு முழுக்க அந்தத் திட்டுள்ள செல்களைத் தேடினார். சில குஞ்சுகளுக்கு இறக்கை மட்டும் காடை நிறத்தில் முளைத்தது. எந்த மட்டத்துச் செல் எந்த உறுப்புக்குப் போகிறது, அட்ரினலுக்குப் போவது எந்த இடத்திலிருந்து என்பதையெல்லாம் அவரும் அவரது குழுவினரும் வரைபடமாகவே போட்டுவிட்டார்கள்.

என் பேத்தியின் கட்டி அந்தப் பயணத்தின் பிள்ளை. அட்ரினலுக்கோ பரிவு நரம்புக்கோ போக வேண்டிய செல்களில் ஒன்று முதிராமல், கருவில் இருந்த குணத்தோடே நின்று, பெருகிக்கொண்டே போனதுதான் நியூரோபிளாஸ்டோமா. இதைப் பிரித்தறிந்து பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹோமர் ரைட். வருடம் 1910. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ‘ரைட் சாயம்’ என்று இன்றும் சொல்கிறோமே, அவரேதான். பல இடங்களில் வரும் பல பெயர்க் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டு, இவை எல்லாமே கருவின் நரம்புச் செல்லிலிருந்து வருபவை என்று அவர் சொன்னார்.

அந்தச் செல்கள் கெட்டுப்போன பிறகும் பிறந்த குடும்பத்தை மறக்கவில்லை. அட்ரினலின் வகைப் பொருள்களைச் சுரப்பதால் அவற்றின் கழிவு சிறுநீரில் வருகிறது. அதை அளந்துதான் டாக்டர்கள் நோயை உறுதி செய்தார்கள். எம்ஐபிஜி என்ற ஸ்கேனும் அப்படித்தான். பரிவு நரம்புச் செல்கள் ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு மருந்தில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். கட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது போய் உட்கார்ந்துகொள்ளும். என் பேத்தியின் படத்தில் தொடை எலும்பு, இடுப்பு, மண்டை ஓடு எல்லாம் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. அந்தப் படத்தை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. இரண்டாம் முறை காட்டுகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

சரி, என் மகளிடம் நான் முக்கியமாகச் சொன்னது இனிமேல்தான். 1963-ல் பெக்வித், பெரின் என்ற இரண்டு நோயியல் நிபுணர்கள், வேறு காரணங்களால் இறந்துபோன மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் அட்ரினல்களைச் சோதித்தார்கள். பார்த்தால் நியூரோபிளாஸ்டோமா போலவே இருக்கும் சின்னஞ்சிறு முடிச்சுகள் சில குழந்தைகளில் இருந்தன. அந்த நோய் வெளியே தெரியவரும் குழந்தைகளின் எண்ணிக்கையைவிட அது பல மடங்கு அதிகம். அப்புறம் பிறக்காத கருக்களைச் சோதித்தவர்கள், இந்த முடிச்சுகள் வளரும் எல்லாக் கருவிலும் இருக்கும், ஐந்தாம் மாத வாக்கில் பெரிதாகும், பிறகு தானாகக் கரையும் என்று கண்டார்கள். அதாவது இது எனக்கும் இருந்தது, உங்களுக்கும் இருந்தது ஆசிரியர் ஐயா. நம் உடம்பில் வேலை முடிந்து அடங்கிவிட்டது. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அடங்கவில்லை.

ஜப்பான்காரர்கள் இதை ஒரு நாடு முழுக்கவே பார்த்தார்கள். எண்பதுகளின் நடுவிலிருந்து அங்கே ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைத் தாய்மார்கள் ஒரு வடிதாளில் நனைத்துத் தபாலில் அனுப்ப, அதைச் சோதித்து நோயை முன்கூட்டியே பிடிக்கும் திட்டம் நடந்தது. கண்டுபிடித்த கட்டிகளின் எண்ணிக்கை ஏறியது. ஆனால் அந்த ஏற்றத்துக்கு ஏற்ற மாதிரி சாவு குறையவில்லை. சோதிக்காமல் விட்டிருந்தால் தானாகவே கரைந்துபோயிருக்கும் கட்டிகளையெல்லாம் தேடிப்பிடித்து, குழந்தைகளுக்கு அறுவையும் மருந்தும் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் 2003-04 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். கனடாவிலும் ஜெர்மனியிலும் செய்து பார்த்தவர்களுக்கும் இதே அனுபவம்தான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஒரு வகை உண்டு: கல்லீரலுக்கும் தோலுக்கும் பரவியிருந்தும் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். பெரியவர்களின் புற்றுநோயில் இப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். என் பேத்தியினுடையது அந்த வகை இல்லை. ஒன்றரை வயதைத் தாண்டி, எலும்புக்குப் போய்விட்ட கட்டி கடுமையான வகையில்தான் சேரும்.

2023-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகளின் மரபணுவில் சேர்ந்திருக்கும் மாற்றங்களைக் கடிகாரம் போலப் பயன்படுத்தி, முதல் பிசகு எப்போது நடந்தது என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று கணக்கு வந்தது. லேசான வகையானாலும் கடுமையான வகையானாலும் தொடக்கம் அங்கேதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைச் சரியாகப் பங்கு போடாமல் விட்டதுதான் அந்தப் பிசகு. நரம்புக்குழல் மூடி முடிவது கரு உருவாகி ஏறக்குறைய 28-ஆம் நாள். நாள் தள்ளிப் போயிற்றே என்று ஒரு பெண் காலண்டரைப் பார்த்த ஒன்றிரண்டு வாரத்திலேயே உள்ளே நரம்பு முகட்டுச் செல்கள் பயணத்தில் இருக்கின்றன. கோடிக்கணக்கான செல்கள், கோடிக்கணக்கான பிரிவுகள். அதில் ஒன்று பிசகியது. நாலாம் மாதம் குடித்த கலர் அங்கே எப்படிப் போகும்?

அவளிடம் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் எளிமையாக. நோட்டுப் புத்தகத்தில் குழலைப் படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினேன். முதல் தடவை கேட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவை, “அப்பா, அந்தப் படத்தை இன்னொரு தரம் போடுங்க” என்றாள். மூன்றாம் தடவை அவளே வரைந்து மாப்பிள்ளைக்குச் சொன்னதைக் கேட்டேன்.

ஃபோலிக் மாத்திரை விஷயத்தையும் தெளிவாக எழுதிவிடுகிறேன். அந்த மாத்திரை மிகவும் அவசியம், கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே போட வேண்டும். நரம்புக்குழல் சரியாக மூடாமல் முதுகில் பிளவோடு பிறக்கும் குறைபாட்டை அது பெரிய அளவில் தடுக்கிறது. குழல் மூடாமல் போவது ஒரு கோளாறு, மூடிய பிறகு கிளம்பிய செல் ஒன்று முதிராமல் நிற்பது வேறு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி ஒரு தாயின் தலையில் வைக்கக்கூடாது. கர்ப்பத்தில் ஒரு தாய் செய்த, செய்யத் தவறிய இன்னதுதான் நியூரோபிளாஸ்டோமாவுக்குக் காரணம் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் புகையிலை, மது, பல வருடப் பழக்கம் என்று எழுதுவது சரி. எழுதத்தான் வேண்டும். அதே அச்சை எடுத்து இரண்டு வயதுக் குழந்தையின் மேல் வைக்கும்போதுதான் தவறு நடக்கிறது. நாங்கள் இருந்த வார்டில் அடுத்த கட்டிலில் ஒரு ஏழு வயதுப் பையன், சிறுமூளையில் கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா. ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1925-ல் பெயர் வைத்த நோய். சிறுமூளை மற்ற பாகங்களைவிடத் தாமதமாக முடிவடையும் வேலை. அதில் துகள் செல் என்ற சின்ன நரம்புச் செல்லாக ஆக வேண்டிய இளம் செல்கள் குழந்தை பிறந்த பிறகும் மாதக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். அப்படி இன்னும் கருப்பருவத்திலேயே இருக்கும் செல்களிலிருந்துதான் அந்தக் கட்டிகளும் தொடங்குகின்றன. எதிர்க் கட்டிலில் ஒரு வயதுப் பெண் குழந்தை, விழித்திரையில் கட்டி. விழித்திரையும் கருவில் மூளையிலிருந்து பிதுங்கி வந்த பகுதிதான். மூன்று கட்டில், மூன்று நோய், மூன்றுமே கருவில் இருந்த நரம்புச் செல்களின் மிச்சம். மூன்று தாய்மாரும் ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பேசினால், நான் என்ன தப்புப் பண்ணினேன் என்பதுதான் பேச்சு.

சிகிச்சை ஒன்றரை வருடம் நீண்டது. கீமோ, கட்டியை எடுக்கும் அறுவை, அவளுடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்துவது, கதிர்வீச்சு. அதையெல்லாம் இங்கே விவரிக்க மனம் வரவில்லை. கடைசிக் கட்டத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நோயின் தொடக்கம் எங்கே என்று தெரிந்ததால்தான் அந்த மருந்தே வந்தது.

1927-ல் குஷிங்கும் வோல்பாக் என்பவரும் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். சிறு வயதில் நியூரோபிளாஸ்டோமா என்று பார்க்கப்பட்ட கட்டி, சுமார் பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது முதிர்ந்த நரம்புச் செல்களாக மாறி, தீங்கற்றதாக இருந்தது. முதிராமல் நின்ற செல்லை முதிர வைக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. பிற்பாடு, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தை ஆய்வகத் தட்டில் இந்தச் செல்களின் மேல் விட்டபோது, அவை பெருகுவதை நிறுத்திவிட்டு நரம்பு போல நீண்ட இழைகளை விட்டன. அதே அமிலத்தின் ஒரு வகை, ஐசோட்ரெட்டினாயின், இன்று சிகிச்சையின் கடைசிப் பகுதியில் கொடுக்கப்படுகிறது. முகப்பருவுக்குக் கொடுக்கிறார்களே, அதே மாத்திரைதான், அளவு மட்டும் மிக அதிகம். 14 நாள் காலை மாலை, பிறகு 14 நாள் இடைவெளி, அப்படி ஆறு மாதம்.

அந்த ஆறு மாதமும் மருந்தைக் கொடுத்தது நான். காரணம் இதுதான். அப்போது என் மகள் இரண்டாவதாக உண்டாகி எங்கள் வீட்டில் இருந்தாள். மருந்து அட்டையிலேயே கர்ப்பிணிப் பெண் படத்தின் மேல் கோடு போட்டிருக்கும். கருவில் வளரும் குழந்தைக்கு அந்த மருந்து போய்ச் சேர்ந்தால் முகம், காது, இதயம் எல்லாம் கோணலாகலாம். முகத்தையும் இதயத்தின் பெருங்குழாய்களையும் கட்டுவதில் நரம்பு முகட்டுச் செல்களுக்குப் பங்கு இருக்கிறது அல்லவா? மூத்தவளின் உடம்பில் அந்தச் செல்களை அடக்கும் மருந்து, வயிற்றில் இருப்பதன் அதே செல்களைக் கெடுத்துவிடும். நர்ஸ் அம்மா என் மகளிடம், “நீ இதத் தொடவே கூடாது, ஸ்பூனைக்கூடக் கழுவாத” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பேத்திக்கு அவ்வளவு பெரிய மாத்திரையை விழுங்கத் தெரியாது. கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, மாத்திரையின் முனையை ஊசியால் குத்தி, உள்ளிருக்கும் மஞ்சள் எண்ணெயை ஒரு ஸ்பூன் வெண்ணெயில் பிதுக்கி, மேலே சர்க்கரை தூவுவேன். கொழுப்போடு போனால்தான் உடம்பில் ஒட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி மோரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து வைத்துவிடுவாள். பேத்தி அதை ‘தாத்தா மிட்டாய்’ என்பாள். நாலாம் நாளிலிருந்து உதடு வெடித்து ரத்தம் கட்டும், சிரித்தால் வலிக்கும். அந்த நாட்களில் அவளைச் சிரிக்க வைக்காதீர்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். என் மகள் அறை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று, வயிற்றில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். சொந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக்கூட முடியவில்லையே என்று அவள் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இரண்டாவது பிரசவம் பற்றியும் ஊர் கேட்டது: இதுக்கும் வந்துடுமோ? குடும்ப வழியாக வருவது நூறில் ஒன்றிரண்டுதான். அதற்குப் பெரும்பாலும் காரணமான ஏஎல்கே என்ற மரபணுவை 2008-ல் கண்டுபிடித்துவிட்டார்கள், சோதித்துப் பார்க்கலாம். எங்கள் குடும்பத்தில் அந்த மாற்றம் இல்லை. பேரன் பிறந்து இப்போது தவழ்கிறான். பேத்தி எல்கேஜி போகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போய் வருகிறோம், ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் சரியாகச் சமையல் நடக்காது. இது திரும்பி வரக்கூடிய நோய் என்பது எங்களுக்குத் தெரியும்.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். அந்தக் கட்டத்தில் ‘காரணங்கள்’ இருந்த இடத்தில், அதே அளவில், கீழே உள்ளவற்றைப் போடுங்கள்.

நன்றாக நடந்த குழந்தை காரணமில்லாமல் நடக்க மறுத்தாலோ நொண்டினாலோ, அது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் டானிக்கோடு விட்டுவிடாதீர்கள். வயிற்றில் கெட்டியாக எதுவும் தட்டினால் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். விழாமலேயே இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிக் கறுத்தால், கண்கள் நிற்காமல் அங்குமிங்கும் துள்ளினால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் பல நாள் தொடர்ந்தால், நடை தள்ளாடினால் மூளையைப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டோவில் கண்மணி சிவப்பாகவோ கறுப்பாகவோ இல்லாமல் வெள்ளையாக மின்னினால் கண் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். நியூரோபிளாஸ்டோமா வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடுகிறது, அதனால் அந்த வயதில் கொஞ்சம் கூடுதல் கவனம் போதும். நாங்கள் தவறவிட்ட மூன்று வாரத்தை இன்னொரு வீடு தவறவிட வேண்டாம்.

கூடவே, தாயின் உணவும் கவலையும் செல்போனும் இந்தக் கட்டிகளுக்குக் காரணம் என்று எழுதியது சரியல்ல என்று ஒரு வரியாவது திருத்தம் வெளியிடுங்கள். பின் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட வேண்டாம். அந்தக் கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் போடுங்கள். வீட்டில் பேப்பர் வந்ததும் முதலில் எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரிப்பது என் மகள்தான்.

குழந்தையின் நோய் சம்பந்தப்பட்டது என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்